சனி பின்னேரப் பூசை கேட்ட சூசைதாசன் அண்ணன்

புத்தளம் ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்கு இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் ஊரில் முச்சக்கர வண்டி ஓட்டும் ரொஷான் தொலைபேசியில் சொன்னான். "ரீச்சர், சூசைதாசன் மாமா விடியப் போயிற்றார்." நான் ஏதோ கேட்டேன். அதற்குள் என் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போய்க் கையை நீட்டினேன். "பிரஷர் கூடிக் கிடக்கே அம்மா, என்ன யோசனை?" என்று தாதி கேட்டார். அவருக்கு என்ன சொல்வது? ஒருவரிடம் பாதியில் விட்ட பேச்சை இனி முடிக்க வழியில்லை என்பதுதான் என் யோசனை.

மாம்புரிக்கு அப்பால் இருக்கும் எங்கள் கரையில் அவரைத் தெரியாதவர் இல்லை. கரைவலைச் சொந்தக்காரர், எங்கள் கோயிலின் பங்குச் சபைக்குப் பல வருடம் தலைவர். நான் அதே சபையின் செயலாளர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஊரே ரீச்சர் என்று கூப்பிட்ட என்னை அவர் மட்டும் தங்கச்சி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்குவதில்லை என்பது எங்கள் ஊரின் பழைய கட்டுப்பாடு. யுத்தம் முடிந்தபின் இயந்திரப் படகுகள் பெருகின. கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறிகள் ஞாயிறும் வந்து நின்றன. இளைஞர்கள் ஞாயிறு காலை கடலுக்குப் போகத் தொடங்கினார்கள். பெரியவர்கள் கூடி, அப்படிப் போகிறவர்கள் திருநாளில் அந்தோனியார் சொரூபத்தைச் சுமக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதை நிறைவேற்றியவர் தலைவரான சூசைதாசன் அண்ணன்தான். திருநாளன்று சொரூபம் தூக்கும் தடிக்குத் தோள் கொடுத்து நின்ற தன் மகன் நெல்சனின் முன்னால் போய், "நீ விலகு" என்றார். நெல்சன் விலகினான். அவன் பின்னால் இன்னும் நான்கு பேர் விலகினார்கள். அன்று முதல் அவன் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, தலைவரின் இடம் கோயிலில் காலியாக இருந்தது. காய்ச்சலாக்கும் என்று நினைத்தோம். பத்து மணிக்குத்தான் தெரிந்தது, மனிதர் மகனுடைய படகில் ஏறிக் கடலுக்குப் போயிருக்கிறார்!

அடுத்த வாரம் பங்குத்தந்தையின் வீட்டு விறாந்தையில் சபை கூடியது. ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. அவரே எழுந்தார். கடலில் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னார். படகில் ஒருவரும் செபம் சொல்லவில்லை. பாணும் சம்பலும் தின்றார்கள், பகிடி விட்டார்கள், இத்தாலிக்குப் போகிற கதை கதைத்தார்கள். டீசல் மணத்தில் அவருக்குக் குமட்டிச் சத்தி வந்தபோது நெல்சன்தான் முதுகைத் தடவிவிட்டான். திரும்பி வரும்போது படகில் இருந்த ஒருவன், "மாமா, சனி பின்னேரம் ஒரு பூசை வைச்சா நாங்க வருவம்தானே" என்றானாம்.

"நாங்க இத்தனை கூட்டம் வைச்சம். ஒருத்தரும் அவங்களிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல" என்றார் அண்ணன். "ஞாயிறுப் பூசையாவே கணக்கில சேரத்தக்கதா சனி பின்னேரம் பூசை வைக்கலாம் எண்டு பாதரும் சொல்றார். வைப்பம்."

விறாந்தை கொதித்தது. இன்று சனிப் பூசைக்கு இணங்கினால் நாளைக்கு இன்னும் எதற்கு இணங்குவது என்றார்கள். குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான் பேனையை வைத்துவிட்டுச் சொன்னேன்: "அண்ணன், உங்கட மகனுக்காக நீங்க கோயில வளைக்கப் பாக்கிறீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. "ஓம் தங்கச்சி, மகனுக்காகத்தான். வேற ஆருக்காகக் கோயில்?"

நான் பேனையை மறுபடி எடுத்தேன். பதில் இல்லாத கோபம் பொல்லாதது. அந்தக் கிழமையே பெரியவர்கள் மறைமாவட்ட ஆயருக்கு ஒரு முறைப்பாடு அனுப்பத் தீர்மானித்தார்கள். எழுதத் தெரிந்தவள் நான். "இளைஞரை வழிதவறச் செய்கிறார்" என்ற வரி என்னுடையது, எவரும் சொல்லித்தரவில்லை. பதினேழு பேர் கையெழுத்து வைத்தார்கள். சில வாரங்களில் ஊரில் சண்டை வேண்டாம் என்று சொல்லி, பங்குத்தந்தை அவரைப் பதவியிலிருந்து ஒதுங்கச் சொன்னார். சபை அலுமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர், அடுத்த ஞாயிறு கடைசி வாங்கில் உட்கார்ந்தார். அவர் வயதுக்காரர் பலர் அவரோடு கதைப்பதை விட்டார்கள். சபைக்குள் அவர் கேட்டது வெளியே போகாததால், சொரூபத்தடியில் தங்களை விலக்கிய மனிதர் என்றுதான் இளைஞரும் அவரை வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றார்.

நெல்சன் இத்தாலிக்குப் போய்விட்டான். அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு வந்த ஒரு புதிய பங்குத்தந்தை, பழைய கதை ஒன்றும் தெரியாமல், தானாகவே சனி மாலைத் திருப்பலியைத் தொடங்கினார். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தவர்களில் பாதிப் பேர் இறந்து சேமக்காலைக்குப் போயிருந்தார்கள். மிச்சப்பேரின் பிள்ளைகளும் கடலில்தான். முதல் சனிக்கிழமை கோயில் நிறைந்தது. பங்குத்தந்தை இளைஞர்களுக்கு நன்றி சொன்னார். பிறகு அறிவித்தல் வாசிக்க என்னை அழைத்தார். ஒலிவாங்கி என் முன்னால் இருந்தது. கடைசி வாங்கில் சூசைதாசன் அண்ணன் இருந்தார். இதை முதலில் கேட்டவர் அவர் என்று ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ரத்ததான முகாம் பற்றி வாசித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

வெளியே என்னைக் கண்டதும் சிரித்தார். "நல்ல ஆக்கள் தங்கச்சி, என்ன! நிக்க இடமில்ல." நெல்சன் இருந்திருந்தால் என்று என் வாய் தவறி வந்துவிட்டது. "அவன் போயிற்றான். மத்தவங்கட புள்ளைகள் வாறாங்கதானே" என்றார். கண் மட்டும் கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தது.

சென்ற வருடம், சீனி வருத்தம் முற்றி அவர் கால் புண்ணாகிப் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். உண்மையில் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "அண்ணன், அந்த ஆயருக்குப் போன கடிதம்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். பாதர் காட்டினவர். உங்கட எழுத்து எனக்குத் தெரியாதா? ஒரு பிழை இல்லாம எழுதியிருந்தீங்க."

எனக்கு முகம் எரிந்தது. "பிறகேன் பொடியன்களுக்கு நீங்க சொல்லல்ல? அவங்களுக்காகத்தானே உங்கள விலத்தினது."

"சொன்னா அவங்க உங்களோட எல்லாம் கோவிச்சுக்கொண்டு, கோயிலுக்கே வராம விட்டிருப்பாங்க. என்னோட கோவிச்சா அது என்னோட மட்டும்தானே." பிறகு மகளைக் கூப்பிட்டு, "ரீச்சருக்குத் தேத்தண்ணி" என்றார். தேநீரோடு பக்கத்து வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். மன்னிப்பு என்ற சொல் என் வாயிலேயே நின்றது. இன்னொரு நாள் வரலாம் என்று எழும்பினேன். அந்த நாள் வரவில்லை.

அடக்கத் திருப்பலியில் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க என்னைத்தான் கேட்டார்கள். எழுதி வந்ததை மடித்து வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். சனி பூசையை முதலில் கேட்டவர் யார், அதற்காக அவரை வெளியேற்றியது யார், அந்தக் கடிதம் யாருடைய எழுத்து என்று சொன்னேன். நெல்சனால் வர முடியவில்லை. அவனுக்காக யாரோ உயர்த்திப் பிடித்திருந்த கைத்தொலைபேசியை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

சேமக்காலை வாசலில் ரொஷான் என்னை மறித்தான். அவனுக்கும் இப்போது நாற்பது நெருங்குகிறது. "அண்டைக்குப் படகில பூசை கேட்டது நான்தான் ரீச்சர். மாமா போய்ச் சொல்லவே இல்லையெண்டு இத்தனை வருசம் நினைச்சிருந்தன். எதிரில கண்டாலும் சரியாக் கதைச்சதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவர் இருக்கைக்க நீங்க இதச் சொல்லியிருக்கலாம்தானே."

ஓம், சொல்லியிருக்கலாம். இதை வாசிக்கும், அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

நான் அவரிடம் கடைசியாகக் கதைத்தது, அவர் இறப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன் ஒரு சனி மாலையில். ஊன்றுகோலோடு வந்திருந்தார். சிலாபம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் செய்து வந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு தூணருகே தனியாக இருந்தாள். "அந்தப் புதுப் புள்ள ஆர், தங்கச்சி? மூண்டு கிழமையா வாறா, ஒருத்தரும் கதைக்கிறதில்ல. பேரக் கேட்டு வையுங்க, எனக்கு வாற கிழமை சொல்லுங்க" என்றார். நான் கேட்கவில்லை. அவளுக்குச் சிங்களம்தான் தெரியும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்தபின், போன சனி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். "நிலூக்கா" என்றாள். பிறகு நல்ல தமிழில், "மகன்ட பேர் அந்தோனி, ரீச்சர்" என்றாள்.

அவருக்குச் சொல்ல வேண்டியதென்று என்னிடம் இருப்பது இந்த இரண்டு பெயர்கள். வாற கிழமை சொல்லச் சொன்னவர் அவர்.