மேளம் நின்றதை நம்பாதவர்

தாண்டவராயன் அவர்கள் தவறிவிட்டார் என்று நேற்று மத்தியானம் அவர் வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. எதையும் லேசில் நம்பாத குணம் அவரோடு வேலை பார்த்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

திருவொற்றியூரில் பிறப்பு இறப்பு பதிகிற ஆபீசில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். அப்படியொரு சந்தேகப் பிராணியை நான் கண்டதில்லை. பால்காரியின் எதிரிலேயே பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். ஆபீஸ் கடிகாரத்தை நம்பாமல், ரயில் ஊதினால்தான் சாப்பிட எழுந்திருப்பார். அவர் சம்சாரம் மகா பொறுமைசாலி என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

சீமையில் நடந்த பெரிய சண்டை முடிகிற சமயத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. மீனவர் குப்பத்தில் வீட்டுக்கு வீடு சாவு. கஞ்சியும் மருந்தும் கொடுக்க ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். எங்கள் ஆபீசில் அப்போது ஒரு வழக்கம். சாவு மேளம் கேட்டால் சேவகன் அந்தத் திக்கில் போய் விசாரித்து வருவான், நாங்கள் பதிந்துகொள்வோம். திடீரென்று மேளச் சத்தம் குறைந்தது. பிறகு அறவே நின்றது. மேலதிகாரிக்குப் பரம சந்தோஷம். காய்ச்சல் ஓய்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமையோடு கொட்டகையைப் பிரித்துவிடலாம் என்றார்.

தாண்டவராயன் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"காய்ச்சலே வராத வருஷத்திலும் இந்த மாசம் கிழவன் கிழவி நாலு பேர் போவாங்களேய்யா. அவங்களுமா சாகறதை நிறுத்திட்டாங்க?"

என்னையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். சாவென்று சொன்னால் சர்க்கார் ஆட்கள் கூரையைப் பிரித்துக் கொளுத்திவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். ஆகவே இவர் சாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. போன பொங்கலுக்கு எத்தனை பேருக்கு இலை போட்டீர்கள், இன்றைக்கு எத்தனை பேருக்குச் சோறு என்று மட்டும் கேட்டார். குறைந்த தலைகளில் வழக்கமாகச் சாகிறவர்களைக் கழித்த பிறகும் ஏராளமான பேர் மிச்சம் நின்றார்கள்.

மேலதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. கொட்டகைக் கஞ்சியில் உமக்கும் பங்கு உண்டோ என்று கேட்டுவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. தாண்டவராயன் அவரை மேளக்காரர்கள் தெருவுக்கு அழைத்துப் போனார். தெருவில் நடமாட்டமே இல்லை. சுவர்களில் மேளங்கள் மாட்டியபடி கிடந்தன. ஒரு வீட்டிலிருந்து நடுவயதுப் பெண்ணொருத்தி வெளியே வந்தாள்.

"மோளம் ஏன் கேக்கலன்னு பாக்க வந்தியா சாமி? அட்சவங்கள்ல பாதிப் பேரு பூட்டாங்கோ. மீதிப் பேரு பாயில கீறாங்கோ. எங்க வூட்டுக்காரு சாவுக்கே அடிக்க ஆளு இல்ல."

அதிகாரி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். காய்ச்சல் போகும்வரை கொட்டகை நின்றது.

நேற்று அந்தத் தெருவிலிருந்து கூப்பிடாமலே வந்து, அவர் வாசலில் அந்தி சாயும்வரை அடித்தார்கள். ஆபீஸ்வரை கேட்டதாம்.

இன்று காலை உங்கள் பெயரைப் பதிந்தேன், ஐயா. மேளத்தைக் கேட்டு எழுதவில்லை. போய், முகத்தைப் பார்த்து, கையைத் தொட்டுவிட்டு வந்துதான் எழுதினேன். இதையாவது நம்புங்கள்.