கொடித்தோடைப் பந்தல் வரைக்கும் ஒரு பாதை

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்தோட்டத்தில் ஒரு கல்பாதை இருந்தது. குசினி வாசலில் தொடங்கி, துணி காயப்போடும் கம்பியைத் தாண்டி, வாழைக்குப் பக்கமாக வளைந்து இறங்கி, வேலியோரத்தில் கொடித்தோடைப் பழக்கொடி படர்ந்த பந்தலில் போய் முட்டி நின்றுவிடும். அதற்கு அப்பால் ஒன்றும் கிடையாது. இதை எதற்குப் போட்டாய் என்று அப்பாவைக் கேட்காத ஆள் இல்லை.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். பள்ளிக்கூடம் எனக்கு நீண்ட காலம் வாய்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பாதையைப் பற்றி எழுத என்னைவிட உரிமையுள்ள ஆள் இப்போது யாரும் இல்லை. அப்பா கல் பதித்தார், சரி. சுமந்து கொடுத்தது நான்தானே.

அப்பாவுக்கு நகரசபையில் தண்ணீர்க்குழாய் வேலை. அதுவரை நாங்கள் இருந்தது வேலைக்காரர்களுக்கான லைன் வீடு. ஒரே அறை. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் தும்முவோம். அப்படி இருந்தவர்களுக்கு ஒரு சொந்த வீடு கிடைத்தது என்றால் எப்படி இருந்திருக்கும்! வீடு என்று சொன்னேனே தவிர, வாங்கும்போது அது பாதி வீடுதான். கூரை ஒழுகியது. யன்னலில் கண்ணாடி இல்லை. முன்னறையில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள், அந்த வாடை சுண்ணாம்பு அடித்த பிறகும் கொஞ்ச நாள் போகவில்லை. ஆள் வைத்து வேலை செய்ய வசதி இல்லை. அப்பா கூரைமேல், அம்மா சுண்ணாம்பு வாளியோடு, தம்பி கொய்யா மரத்துத் தொட்டிலில். நான் எல்லோருக்கும் எடுபிடி. அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம், மேட்டுக்கு அடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அவர்கள் வாசல் கீழ்த்தெருவைப் பார்த்தது, எங்கள் வாசல் மேல்தெருவை. முதுகோடு முதுகு ஒட்டிய மாதிரி இருந்தாலும், அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டுமானால் கடைத்தெருவரை நடந்து, சுற்றித்தான் போக வேண்டும். அந்த வீட்டுக்காரரை அப்பா அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். அம்மாவுக்கு அவர் மனைவி அக்கா முறையில் ராத்தா. எங்கள் கூரை வேலைக்கு ஏணி தந்தவர் நானாதான். தந்ததோடு நிற்காமல் தானும் ஏறிவிடுவார். ஓட்டின்மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். ஓட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

அம்மாவுக்கு வீட்டைவிட முன்தோட்டத்தின்மேல்தான் கண். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் அவள். துரை பங்களாவின் பூப்பாத்தியை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள், உள்ளே கால் வைத்ததில்லை. கேட்டிலிருந்து படிவரை இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல், கல்லுக்கு உள்ளே ரோசா. அதே மாதிரி தனக்கும் வேண்டும் என்றாள். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பால் காய்ச்சிக் குடிபுகும் நாளைக்குக் கம்பளையிலிருந்து அத்தை வருவாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, அம்மாவின் அண்ணனைக் கட்டியவள். கம்பளையில் அத்தை வீட்டு முன்வாசலில் பூந்தொட்டிகள் வரிசையாக இருக்கும். அம்மா அங்கே போகும்போதெல்லாம் அத்தை ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிப்போய்க் காட்டாமல் விடமாட்டாள்.

கல்லுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வளவிலேயே ஒரு பழைய மதில் இடிந்து கிடந்தது. அப்பா மம்பட்டியும் அலவாங்கும் கொண்டு அதைப் பெயர்க்கத் தொடங்கியதும் அம்மா முன்வாசலைக் கூட்டி, எந்தக் கல் எங்கே என்று குச்சியால் கோடு போட்டு வைத்துவிட்டாள். அப்பா முதல் கல்லைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டி, வீட்டைச் சுற்றி, குசினிப் பக்கம் போனார்.

"எங்கங்க கொண்டு போறீங்க?"

"பின்னால சேறா இருக்கு."

"வீட்டுக்கு வர்றவங்க அடுப்படி வழியாவா வருவாங்க?"

"வர்றவங்களுக்கு மட்டுந்தானா பாதை?" என்று சொல்லிவிட்டு அப்பா குனிந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில். ஒருவரிடம் தண்ணீர் வழிந்தோட என்பார், இன்னொருவரிடம் அம்மா துணி காயப்போட என்பார். நான் கேட்டபோது, "அழகுக்குத்தான் பாப்பா" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கல் பதிப்பதில் அப்பாவுக்கு இருந்த பிடிவாதம் சொல்லி முடியாது. பதித்த கல் ஒரு மயிரளவு ஆடினாலும் பெயர்த்து எடுத்து, அடியில் மண் குத்தி மறுபடி வைப்பார். பொழுது சாய்ந்ததும் என்னைக் குசினி வாசலில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நட என்பார். கால் தடுமாறிய இடத்தை மறுநாள் திருத்துவார். சில நேரம் தம்பியை என் இடுப்பில் ஏற்றிவிட்டு நடக்கச் சொல்வார். எனக்கு அது நல்ல விளையாட்டு. பந்தல் வரைக்கும் ஒரு தடவையும் கண்ணைத் திறக்காமல் போய் வந்தேன் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன்.

பாதை முடிந்ததும் அம்மா மனம் இறங்கி வந்தாள். பின்னாலாவது ஒரு அழகு இருக்கட்டும் என்று மீந்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து, கல்லின் ஓரங்களுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினாள். அப்பா வேலைவிட்டு வந்து பார்த்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான்.

"யாரு பூசச் சொன்னா? கழுவு! இப்பவே கழுவு!"

கொஞ்ச நேரம் கழித்து, அவரே வாளியில் தண்ணீர் எடுத்துவந்து, தேங்காய்ப் பொச்சால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தார். வெள்ளையெல்லாம் போய், கல் மண்ணோடு மண்ணாகத் தெரியும்வரை விடவில்லை. அம்மா அவரோடு இரண்டு மூன்று நாள் பேசவில்லை. அழகுக்குப் போட்ட பாதைக்கு அழகு சேர்த்தால் ஏன் கோபம் என்று நானும் அம்மா கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

அத்தை வந்தாள். பால் பொங்கியது. எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும் வீடு பார்க்கக் கிளம்பினாள். முன்வாசலில் சேற்றைத் தாண்டக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"அடேயப்பா! என்ன அண்ணே, ராசபாட்டை மாதிரி போட்டிருக்கீங்க! எங்க போகுது?"

சொல்லிக்கொண்டே கடைசிவரை நடந்து, பந்தல் இலைக்குள் முகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிச் சிரித்தாள். "மதினி, இங்க வந்து பாருங்களேன். கொடித்தோடையப் பாக்கப் போறதுக்கா எங்கண்ணன் ரோட்டு போட்டாரு? முன்னால வாறவங்க சேத்துல விழுந்து எந்திரிக்கணும், அணிலு மட்டும் சப்பாத்துப் போட்டுக்கிட்டு வரலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா பாத்திரம் கழுவப் போனாள். கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அம்மா தோற்று உட்காருகிற ஆள் இல்லை. நான் அவள் மகள், அதனால் எனக்குத் தெரியும். அடுத்த வாரமே பன்விலவுக்குப் போய் ஈரச்சாக்கில் சுற்றி ரோசாக் கிளைகள் கொண்டுவந்தாள். கல் மீதி இல்லை. அதனால் பழைய சோடாப் போத்தல்களைச் சேர்த்து, தலைகீழாக மண்ணில் புதைத்துப் பாத்திக்கு ஓரம் கட்டினாள். காலை வெயில் படும்போது அந்தப் போத்தல் அடிகள் பச்சையும் நீலமுமாக மின்னும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முதல் மொட்டு விட்ட அன்று அம்மா கதிரையை எடுத்து முன்வாசலில் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அப்பா கதவோரம் நின்று பூவைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தமிழர் வீடுகளைத் தேடி எரித்த கலவரம் வந்தது ஒரு பின்னேரம். அப்பா வேலைக்குக் கொண்டுபோன சைக்கிள் இல்லாமல் நடந்து வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா அடுப்பில் சோறு வைத்திருந்தாள்.

"எறக்காத. நெருப்ப மட்டும் அணைச்சிட்டு வா," என்றார் அப்பா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தம்பியை எடுத்து என் இடுப்பில் வைத்தார். "பாப்பா, கண்ண மூடிக்கிட்டு நடப்பியே, அந்த மாதிரி நட. சத்தம் போடக் கூடாது."

பொழுது மங்கிவிட்டது. நான் முன்னால் நடந்தேன். ஒரு கல்லும் ஆடவில்லை. எனக்குப் பின்னால் அம்மா, அம்மா தோளில் கை வைத்தபடி அப்பா. மேல்தெருவில் ஆட்கள் ஓடுகிற சத்தமும் ஏதோ உடைகிற சத்தமும் கேட்டன. பந்தலடியில் வந்ததும் அப்பா முன்னால் வந்து கொடியை ஒதுக்கினார். வேலியில் அந்த இடத்துக் கம்புகளுக்கு வேர் இல்லை. கட்டி நிறுத்தியிருந்த கம்புகள். கதவு மாதிரி திறந்தன.

அந்தப் பக்கம் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மேட்டை வெட்டிப் படி கட்டியிருந்தார்கள். எங்கள் பாதையின் கடைசிக் கல் முடிந்த இடத்தில் அவர்களுடைய முதல் படி தொடங்கியது. எங்களுடையதைப் போலவே அகலம், எங்களுடையதைப் போலவே வெள்ளை படாத கல். கீழே நானா விளக்கு இல்லாமல் நின்றிருந்தார்.

சத்தம் போடக் கூடாது என்பது மறந்துபோனது. "அப்பா, நம்ம பாதையப் பாத்து இவங்களும் போட்டிருக்காங்க!" என்றேன்.

நானா கையை நீட்டித் தம்பியை வாங்கிக்கொண்டார். "ஓம், மகள், ஒங்கட பாதை சோக்கா ஈக்கிதெண்டுதான் நாங்களும் போட்டோம். மெதுவா எறங்கி வாங்கொ."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர்கள் வீட்டு உள்ளறையில் எங்களை வைத்திருந்தார்கள். ராத்தா ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். "தங்கச்சி, இதில ஆக்குங்கொ. எங்கட சட்டியில்ல. மாட்டெறச்சி படாத சட்டி. ஒங்களுக்கெண்டு வெச்சது."

அம்மா சட்டியை வாங்கினாள். உள்ளே விரலால் தடவினாள், மோந்து பார்த்தாள். புதுச்சட்டியில் வாங்கின அன்றைக்கே ஆக்க முடியாது. கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து, மண்வாடை போகப் பல நாள் பழக்க வேண்டும். அந்தச் சட்டியில் மண்வாடை இல்லை. அம்மா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"எப்பங்க பேசுனீங்க?"

"கூரை மாத்தையிலயே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. மதினி அப்படிச் சிரிச்சாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

கல்யாணத்துக்கு முன் தான் வேலை பார்த்த கடைக்குப் பின்வாசல் கிடையாது என்று அப்பா எப்போதோ ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவர் தோளில் நெருப்புப் பட்ட தழும்பு அந்தக் காலத்தில் வந்தது. அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டுதான் பேசினார்.

"சொல்லியிருந்தா நீ அந்த வீட்டுல ஒரு ரோசாச்செடி நட்டிருப்பியா?"

அம்மா அழுதாள். ரோசா ஞாபகம் வந்து அழுகிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா," என்று நான் ஆறுதல் சொன்னேன்.

நல்லா இல்லை. அடங்கின பிறகு போய்ப் பார்த்தால், முன்னறை எரிந்திருந்தது. அம்மா நட்ட போத்தல்களையே பிடுங்கி, அப்பா புதிதாகப் போட்ட யன்னல் கண்ணாடிகளுக்கு எறிந்திருந்தார்கள். ரோசாக்கள் மிதிபட்டுக் கிடந்தன. குசினி தப்பியது. பின்பாதையை யாரும் சீண்டவில்லை. எங்கேயும் போகாத பாதையில் யார் போவார்கள்? அம்மா உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி முடித்த கையோடு, மிதிபட்ட செடிகளில் உயிர் இருந்த குச்சிகளை வெட்டி எடுத்தாள். அதே இடத்தில் ஊன்றினாள். இந்தத் தடவை அப்பா தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

ஊர் சரியானதும் அத்தை கம்பளையிலிருந்து வந்தாள். கரிபிடித்த முன்னறையைப் பார்த்தாள். நேரே பின்பக்கம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதையில் கடைசிவரை நடந்தாள். பந்தல் இலையை விலக்கிக் கீழே நானா வீட்டுப் படிகளைப் பார்த்தபடி நின்றாள்.

போன தடவை எங்களைப் பார்த்துச் சிரித்தவள் ஆயிற்றே என்று நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். "பாத்தீங்களா அத்த? நம்ம பாதை அழகா இருக்குன்னு அவங்களும் நம்மளப் பாத்துப் போட்டுக்கிட்டாங்க!"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அத்தை என் தலையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது.

அத்தைக்குப் பொறாமை என்றுதான் நான் நினைத்தேன்.