நான்காம் எண் வில்லை

அந்த வீட்டின் வாசற்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு பலகை. மூன்றடி நீளம், ஒன்றரையடி உயரம். அதில் இரண்டு வரிசையாக ஆணிகள் அடிக்கப்பட்டிருந்தன. மேல் வரிசைக்கு 'உள்ளே' என்றும் கீழ் வரிசைக்கு 'வெளியே' என்றும் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தது. மேல் வரிசையில் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்ட மரவில்லைகள் தொங்கின. நான்கு அறை, அறைக்கு இரண்டு கட்டில், ஆக எட்டு.

"நீங்க நாலு," என்றார் வீட்டுக்கார அம்மாள். என் பெயரை அதற்குப் பிறகுதான் கேட்டார். "வாசப்படி தாண்டினா வில்லையக் கீழ மாட்டணும். திரும்பி வந்தா மேல மாட்டணும். பக்கத்துலதானே போறோம்னு விட்டுடக் கூடாது, ஐயா."

"குளியலறைக்குப் போனாலும் மாட்டச் சொல்லியிருப்பா. நான்தான் சண்டை போட்டுத் தடுத்தேன்," என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த அவர் கணவர் சொன்னார். "இங்க வர்றவங்க எல்லாரும் இவளத் தலையெண்ணின்னுதான் கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடலாம்."

"தலைக்குள்ள ஏதாவது இருந்தா எண்ண மாட்டேன். இல்லாததாலதான் எண்ணறேன்," என்றார் அம்மாள். கணவர் சிரித்தார்.

மார்புச் சளிக்கு மலைக்காற்று நல்லது என்று மருத்துவர் சொல்ல, என் மகள் ஐந்து நாளுக்கு அந்த ஏரிக்கரைப் பண்ணை விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தாள். முப்பத்தாறு ஆண்டு நீர்மட்டப் பதிவேடு எழுதியவன் என்பதால் ஏரி என்றால் எனக்கும் ஒரு கண் உண்டு. நேரமும் அளவும் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு எப்போதும் கையில் இருக்கும். உள்ளதை உள்ளபடி சொன்னால், அது வசதியான விடுதி அல்ல. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பதினொரு நிமிடம் கழித்துத்தான் சூடு வரும். புரண்டு படுத்தால் கட்டில் ஊரைக் கூட்டும். ஜன்னலுக்கு நேர் கீழே ஆறு பசுக்கள். ஆனால் விரிப்புகள் வெளுப்பாக இருந்தன, சூப்பு சுடச்சுட வந்தது, ஏரி முப்பதடி தூரத்தில் கண்ணாடி போலக் கிடந்தது.

அந்த ஏரியில் ஒரே ஒரு கெட்ட இடம் உண்டு. தெற்கு முனையில் தண்ணீர் கரை தாண்டி வழிந்து பாறைச் சரிவில் விழுகிறது. காற்றில்லாத நேரத்தில் அதன் இரைச்சல் அறைக்குள் கேட்கும். வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"வெயில் அடிக்கிற நாள்லயே படகை அந்தப் பக்கம் விட மாட்டேன்," என்றார். "ஒரு அளவுக்கு மேல கிட்டப் போனா தண்ணியே இழுத்துக்கும்."

அவருக்கு இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. காலை உணவின்போது மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட, அவர் எழுந்து வாசல் பக்கம் போனார். அன்று விடுதியில் தங்கியிருந்த மற்றொருவர் ஒரு தையல்கார அம்மாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சத்தம் வருதுன்னு தெரியும், தாயி. எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு தெரியாது," என்றார் வீட்டுக்காரர், கோபமில்லாமல். "கிட்டப் போனா பெருசாகும், தள்ளிப் போனா சின்னதாகும். அவ்வளவுதான் என் கணக்கு. அதுக்காகவே இவ என்னக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. திட்டினா பாதிதான் கேக்கும்."

இரண்டாம் நாள் பிற்பகல் குளிர் தாங்காமல் நான் துணி உலர்த்தும் அறைக்குப் போனேன். மாட்டுக்கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சிறிய அறை அது. மூலையில் பாய்லர், குறுக்கே ஆறு கயிறு, கயிறு நிறைய விரிப்புகள், கடைசி விரிப்புக்குப் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலி. வீட்டிலேயே கதகதப்பான இடம். அம்மாள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் மடித்து வைக்கும்போது உதடு அசைந்தது.

"எதுக்கும்மா இப்படி எண்ணறீங்க?" என்று கேட்டேன்.

இரண்டு விரிப்பு மடித்த பிறகு சொன்னார்.

அவர் பேருந்துப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள். இருபத்து மூன்று வயதிலிருந்து பள்ளிப் பேருந்தில் உதவியாளராக வேலை பார்த்தார். பிள்ளைகளை ஏற்றுவது, இறக்குவது, எண்ணுவது. பதினோரு ஆண்டு ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் ஏறியது முப்பத்திரண்டு, பள்ளி வாசலில் இறங்கியதும் முப்பத்திரண்டு. கதவைப் பூட்டிப் பேருந்தைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்.

"ஒரு பிள்ளை இறங்கிட்டு, தண்ணி பாட்டிலை மறந்துட்டேன்னு ஏறி மறுபடி இறங்குச்சு. அத ரெண்டா எண்ணிட்டேன். கடைசி சீட்டுல ஒரு சின்னப் பொண்ணு தூங்கிட்டு இருந்தா. உள்ள ஒரு தடவை நடந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கணக்கு சரியா இருந்துச்சா, அதனால பாக்கல."

வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அந்தக் குழந்தை ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்திருக்கிறது. பேருந்து கழுவ வந்தவர் பார்த்துத் தூக்கினார். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் இவரைப் போகச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் தானாகவே நின்றுவிட்டார். அடுத்த ஆண்டு, அவருடைய முப்பத்தைந்தாம் வயதில் திருமணம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பண்ணையும் பசுக்களும் இருந்தன. சில ஆண்டு கழித்து வீட்டின் முன்பகுதியை விடுதியாக்கினார்கள். முதல் விருந்தினர் வந்து இறங்குவதற்கு முந்தின நாள் அந்தப் பலகையை அவரே அடித்து மாட்டினார். பத்தொன்பது ஆண்டாக அது அங்கேயே தொங்குகிறது.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை. எனக்குத்தான் இன்னும் சரியாகல," என்று சொல்லி, மடித்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் நடந்ததை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். பிற்பகல் இரண்டு ஐந்துக்கு என் வில்லையைக் கீழே மாட்டிவிட்டுக் கரையோரமாக நடந்தேன். நாணல் அடர்ந்த ஓரத்தில் தண்ணீரின் அளவைப் பார்க்கப் போய்க் கணுக்கால் வரை சேற்றில் புதைந்தேன். கரைக்கு ஏறி, புல்மேல் நடந்து திரும்பினேன். முன் கூடத்தை அம்மாள் அப்போதுதான் துடைத்திருந்தார். வெள்ளைத் தரை பளபளவென்று இருந்தது. சேற்றுக் காலோடு அதில் நடக்க மனம் வராமல் வீட்டைச் சுற்றி மாட்டுக்கொட்டகை வழியாகத் துணி அறைக்குள் போனேன். மணி மூன்று இருபது. காலணியைப் பாய்லர் அருகே வைத்தேன். காய்ந்ததும் போய் வில்லையை மாற்றலாம் என்று பிரம்பு நாற்காலியில் சாய்ந்தேன்.

விழித்தபோது நான்கு முப்பத்தைந்து. வீட்டில் பேச்சுமூச்சு இல்லை. சமையலறையில் அடுப்பு அணைந்திருந்தது. பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கு கத்தியோடு மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் வீட்டுக்காரரின் கைப்பேசி. முன் கூடத்துக்கு வந்தேன். கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே ஏரி இல்லை. மூடுபனி வாசற்படி வரை வந்து நின்றது. பலகையில் ஏழு வில்லை மேலே, ஒன்று கீழே. நான்கு.

போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்ற தையல்கார அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, நீங்களா? உங்களத்தானே எல்லாரும் தேடறாங்க."

"என்ன ஆச்சும்மா?"

"நாலு மணிக்குப் பனி இறங்குச்சு. அக்கா வந்து வில்லைய எண்ணினாங்க. உங்களுது வெளிய இருந்துச்சு. உங்க அறையப் பாத்தாச்சு, துணி அறைய எட்டிப் பாத்தாச்சு. நாணல் ஓரத்துல உங்க ஷூ தடம் தண்ணி வரைக்கும் போகுது, திரும்பி வந்த தடமே இல்ல. அண்ணன் உடனே படகை எடுத்துட்டுப் போயிட்டார். நாலு பத்துக்கு."

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. பால் கேன் மூடியைக் கரண்டியால் தட்டும் சத்தம். ஒரு முறை வலப்பக்கம் கேட்டது, ஒரு முறை இடப்பக்கம். நடுவே ஒரு குரல்.

காலணி இல்லாமலே இறங்கினேன். கரையோரமாக ஓடுவதும் நிற்பதும் தட்டுவதுமாக அம்மாள் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். கையை நீட்டி என் சட்டைக் கையைத் தொட்டார்.

"நாலு," என்றார். பிறகு, "எங்க இருந்தீங்க?"

"துணி அறையில. தூங்கிட்டேன்."

"நான் பாத்தேனே. கதவத் திறந்து பாத்தேன்."

"கடைசி விரிப்புக்குப் பின்னால, நாற்காலியில."

அவர் கையிலிருந்த கரண்டி தாழ்ந்தது. "விலக்கிப் பாக்கல," என்றார். "மறுபடியும் பாக்கல."

"தப்பு என்னோடதும்மா. வில்லைய மாத்தாம விட்டது நான்."

அவர் தெற்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஒன்றும் இல்லை. தண்ணீர் விழும் இரைச்சல் மட்டும் எப்போதையும்விடக் கிட்டத்தில் கேட்டது.

"போய் அரை மணிக்கு மேல ஆச்சு. எந்தப் பக்கம் இருக்காரோ, கூப்பிட்டா பதில் இல்ல," என்று மறுபடி ஓடப் போனார்.

நான் மறித்தேன். காலை உணவில் அவர் கணவர் சொன்னது நினைவுக்கு வந்திருந்தது.

"ஓடாதீங்கம்மா. அவருக்குப் பக்கம் தெரியாது. பெருசாகுதா சின்னதாகுதான்னு மட்டும்தான் தெரியும். நாம ஓடிக்கிட்டே தட்டினா அதுவும் தெரியாம போயிடும். ஒரே இடத்துல நின்னு ஒரே மாதிரி தட்டணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கேன் மூடியையும் கரண்டியையும் என்னிடம் கொடுத்தார்.

படகுத்துறையின் நுனிப் பலகைக்குப் போனோம். நான்கு நாற்பத்தாறுக்கு ஆரம்பித்தேன். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நொடிக்கு ஓர் அடி, ஒரே வேகத்தில். அம்மாள் என் அருகில் நின்று எண்ணினார். முதலில் மனதுக்குள், பிறகு வாய்விட்டு. அறுபதில் ஒரு முறை என் கையைப் பிடித்தார்.

"நிறுத்துங்க, ஏதாவது கேக்குதான்னு பாக்கலாம்."

"நிறுத்தினா அவருக்கு வழி போயிடும்மா."

கையை விட்டார். எண்பது, நூறு. பனி முகத்தில் ஈரமாக ஒட்டியது. என் கால்விரல்கள் மரத்துப்போயின. நூற்றைம்பதைத் தாண்டியபோது தண்ணீர் இரைச்சலைத் தவிர உலகத்தில் எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது. நான் ஒரு மரத்துண்டை ஓர் ஆணியிலிருந்து இன்னோர் ஆணிக்கு மாற்றாததால் அந்த மனிதர் அங்கே போயிருக்கிறார் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

"இருநூத்திப் பதினாறு," என்று சொன்னவர் அதோடு நிறுத்திவிட்டார். அதன் பிறகு எண்ணவே இல்லை. எனக்கும் கேட்டது. துடுப்பு தண்ணீரில் விழும் ஓசை. அது ஒரு முறை விலகியது, நின்றது, பிறகு நெருங்கியது. ஐந்து பத்துக்கு, துறையிலிருந்து நாற்பதடி தள்ளி, படகின் மூக்கு பனிக்குள்ளிருந்து நீண்டது.

வீட்டுக்காரர் பனியிலும் துடுப்புத் தண்ணீரிலும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. துறையில் நின்ற என்னை வெகுநேரம் பார்த்தார்.

"உங்களத் தேடித்தான் போனேன்," என்றார். "நீங்க என்னடான்னா கரையில நின்னு தட்டு தட்டிட்டு இருக்கீங்க."

அவர் கயிற்றை எறிந்தார், அம்மாள் பிடித்துக் கட்டினார்.

"முனைக்கிட்ட போயிட்டேன்," என்றார் அவர், இப்போது விளையாட்டில்லாத குரலில். "படகு தானாப் போற மாதிரி இருந்துச்சு. நாணல் கொத்து ஒண்ணப் பிடிச்சுட்டு அப்படியே நின்னேன். உன் சத்தம் இங்க ஒண்ணும் அங்க ஒண்ணுமா வந்துச்சு, ஒண்ணும் புரியல. அப்புறம் ஒரே சீரா வர ஆரம்பிச்சுது. பெருசாகற பக்கமா வந்தேன்."

"போன் எங்க?"

"மேசை மேல."

"சொல்லிட்டுப் போகத் தெரியாதா? எங்கன்னு தேடறது உங்கள?"

"ஏம்மா, காணாமப் போன ஆளத் தேடப் போனவன், இந்தப் பக்கமாப் போறேன்னு வில்லை மாட்டிட்டா போவான்? வீட்டுக்காரனுக்கு ஏது வில்லை?"

அம்மாள் அவர் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் வந்ததும் நான் நேராகப் பலகைக்குப் போனேன். விரல் விறைத்திருந்ததால் நான்கு இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை மாட்டினேன். பின்னாலேயே சூப்புப் பாத்திரத்தோடு அம்மாள் நின்றார்.

"நாள் முழுக்க நோட்டுல எழுதறீங்களே, ஐயா," என்றார் மெதுவாக. "இந்தப் பலகையிலயும் ஒரு தடவை குறிச்சுட்டுத் தூங்கியிருக்கலாம்."

இதுவரை எந்த மேலதிகாரியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்லும்படி நான் வைத்ததும் இல்லை. தலை குனிந்து சூப்பை வாங்கிக்கொண்டேன். அன்று மாலை அவர் துணி அறைக்குள் போய் எல்லா விரிப்பையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்ததைத் திறந்திருந்த சமையலறைக் கதவு வழியாக நானும் பார்த்தேன். நானும் வீட்டுக்காரரும் தையல்கார அம்மாளும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை வெயில் வந்தது. வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஒரு கிளையை அறுத்து வட்டமாக ஒரு வில்லை செய்தார். அம்மாள் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

"உங்க எழுத்து அச்சுப் போல இருக்கு. ஒன்பதுன்னு போட்டுக் குடுங்க. இவருக்கு."

"என் வீட்டுல எனக்கு நம்பரா?" என்றார் கணவர்.

"ஆமா."

"சரி, அப்போ உனக்கு?"

"எனக்கு எதுக்கு?"

"நீ மாட்டப் பாக்கப் போற, புல் அறுக்கப் போற, பனியில கரையோரம் ஓடற. நீ வரலைன்னா யாரு எண்ணறது?"

அம்மாள் கையை முந்தானையில் துடைத்தார். பிறகு, "செய்யுங்க," என்றார். வீட்டுக்காரர் இன்னொரு வில்லை அறுத்தார். பத்து என்று எழுதினேன். சாயம் காய இருபது நிமிடம் பிடித்தது.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதே காலுக்கு என் வண்டி வந்தது. அம்மாளைக் காணவில்லை. வீட்டுக்காரர் மட்டும் பெட்டியை ஏற்றிவிட்டார். நான் என் வில்லையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தபோது பலகையைப் பார்த்தேன். ஒன்பது மேலே இருந்தது. பத்து கீழே தொங்கியது.

"எங்க போயிருக்காங்க?"

"மேல் கொல்லையில புல் அறுக்க. எட்டரைக்குப் போனா. முக்கால் மணி நேரத்துல வந்துடறேன்னு சொன்னா."

வண்டி கிளம்பித் திரும்பும்போது பார்த்தேன். வீட்டுக்காரர் கூடத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை. பலகைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்று, கடிகாரத்தையும் மேட்டுப் பாதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.