மெர்சி அக்கா கொடுத்துவிட்டுப் போன கடிதம்

பெரம்பலூரிலிருந்து செட்டிகுளத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது மெர்சி அக்காவின் கணவர் போன் செய்தார். "மெர்சி போயிட்டாம்மா. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு." "லைன்ல இருக்கியா?" என்று இரண்டு முறை கேட்டார்.

எங்கள் சின்ன வெங்காய உழவர் கம்பெனியில், வெளிநாட்டு விதிகளைப் படித்துச் சொல்வது அக்காவின் வேலை. அதற்குச் சில மாதங்களுக்கு முன், வெங்காயத்தில் ஒரு பூச்சிமருந்து எவ்வளவு தங்கலாம் என்ற அளவைக் குறைக்க, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரு வரைவு வெளியிட்டன. நம் ஆட்கள் அந்த மருந்தை ஏற்கெனவே அடித்திருந்தார்கள். வயலில் நிற்கும் பயிருக்காவது அவகாசம் கேட்டு, பரிசோதனை முடிவுகளோடு அக்கா கடிதம் தயாரித்தார். மகன் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக வரதராசன்பேட்டை கிளம்பும்போது அதை என்னிடம் கொடுத்தார். "வரைவுல போட்டிருக்க ஆபீஸ் பிரிவுக்கு மட்டும் அனுப்பு. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

கம்பெனித் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கீழ இருக்கவன் என்னம்மா செய்வான்? கலெக்டர்கிட்ட மனு குடுக்குற மாதிரி, உச்சத்துல இருக்கவருக்கே அனுப்பு. எல்லார் கையெழுத்தும் வாங்கு." அது தவறென்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. கையெழுத்து வாங்கி முடிக்கத் திங்கட்கிழமை ஆனது. மரியாதையாகப் பதில் வந்தது: கருத்துச் சொல்லும் நாள் முடிந்துவிட்டது.

ஊரிலிருந்து திரும்பிய அக்காவின் முன்னால், திட்டு விழும் என்று நின்றேன். "அங்க பெரிய ஆளுன்னு ஒருத்தரு இல்லடி. நிபுணருங்க பாக்கணும், வரைவு வரணும், நாடுங்க ஓட்டுப் போடணும். அந்த வரிசைதான் பெரிய ஆளு," என்றார். பிறகு, "உனக்குத் தெரியும்ல? பட்டம் வாங்குறப்ப வாயைக் காலேஜ்லயே குடுத்துட்டு வந்துட்டியா?" சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

அந்த நாடுகளின் ஓட்டெடுப்புக்கு முன், டெல்லியிலுள்ள மத்திய அரசு அலுவலகம் வழியாக அக்கா இன்னொரு முறை அவகாசம் கேட்டார். அவர் அடக்கம் முடிந்த வாரம் பதில் வந்தது. விதி நிறைவேறியது, அவகாசம் இல்லை. அந்த வெங்காயம் உள்ளூர்ச் சந்தைக்குப் போனது. நாம்தான் சாப்பிட்டோம்.

பதிலைப் படித்த கூட்டத்தில் தலைவர், "இன்னும் மேல ஒரு மனு போடுவோம்," என்றார்.

நான் எழுந்தேன். "இல்லைங்க ஐயா. அடுத்த மருந்து இப்ப நிபுணருங்ககிட்ட இருக்கு. வரைவு வர்றதுக்குள்ள நம்ம பரிசோதனை முடிவு அங்க போகணும்."

அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த "இல்லைங்க" மட்டும்தான். சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமையில் அதைச் சொல்லாதவள் நான்.