ஒரு மடக்குக் காபிக்கு எத்தனை சக்கரம்?

என் மனைவிக்கு ஓர் ஆசை உண்டு. யாரும் “எப்ப வந்தீக?” என்று கேட்காத ஓர் இடத்தில், ஒரு காலை வேளையில், காபி குடிக்க வேண்டும். மதுரைக்காரிக்கு இது பேராசை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எங்கே போனாலும் யாராவது ஒரு சொந்தக்காரர் வாசலில்தான் போய் இறங்கியிருக்கிறோம். விடுதியில் அறை போட்டால், “நாங்க இருக்கையில லாட்ஜுல தங்குனாகளாம்” என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் ஒன்று வேண்டும் என்று முடிவானது.

என் ஆசை வேறு. அலங்காநல்லூரில் என் பள்ளித் தோழனின் தென்னந்தோப்பில் பழைய வேன் ஒன்று நின்றது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மலையில் தங்கித் திரிவதற்கென்று யாரோ கட்டில், அலமாரி எல்லாம் அடித்து வைத்திருந்ததை இவன் வாங்கிப் போட்டிருந்தான். கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கம்பி. அதைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். அதைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். தோப்பு மறைந்து, புத்தகங்களில் படித்த பனிக் கணவாய்களும் பாலைவனங்களும் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றன. நான் வண்டி ஓட்டி ஏறிய அதிகபட்ச உயரம் காளவாசல் மேம்பாலம் என்பதை அந்தக் கம்பி அறியாது.

“மாப்ள, இன்ஜின இறக்கி வேலை பாக்கணும். கூரை ஒழுகும். தரை கொஞ்சம் துரு. மத்தபடி தங்கமான வண்டி” என்றான் தோழன்.

மத்தபடி என்பதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. காதலில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

மனைவி உள்ளே ஏறிக் குனிந்து பார்த்தாள். “ஏங்க, உள்ள நின்னா கீழ மண்ணு தெரியுது.”

“காத்தோட்டமா இருக்கும்.”

அவள் சேலையைத் தட்டிவிட்டு இறங்கினாள்.

காளவாசல் மெக்கானிக்கிடம் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வேன் ஒன்று இருந்தது. பின்சக்கரம் இரண்டும் மட்டும் இழுக்கும். இன்ஜின் சுத்தம், தரை முழுசு. இருக்கைகளைக் கழற்றிவிட்டு வீடாக்கிக்கொள்ளலாம். “அண்ணே, நீங்க போகப் போறது கண்மாய்க்கரை. அதுக்கெதுக்கு நாலு சக்கரமும் இழுக்கணும்? அம்புட்டுப் பிள்ளைகளையும் இத்தன வருசமா ரெண்டுதான இழுத்துச்சு” என்றார். என் வீட்டின் பெரும்பான்மை தலையாட்டியது. பெரும்பான்மை என்பது ஒருவர்தான்.

பலகைக் கட்டில், அடுப்பு, தண்ணீர் கேன், சன்னலுக்குக் கொசுவலை. திரைச்சீலையை அவளே தைத்தாள். தைக்கும்போது மெல்ல முணுமுணுத்துப் பாடினாள், கேட்டு வெகுகாலமாகியிருந்தது. வண்டியின் பின்புறம் எவ்வளவு தேய்த்தும் ‘குழந்தைகள் ஜாக்கிரதை’ மட்டும் லேசாகத் தெரிந்துகொண்டே இருந்தது. எங்கள் வயதுக்கு அதுவும் பொருந்தும் என்று விட்டுவிட்டோம்.

முதல் பயணம் திருவாதவூர்ப் பக்கம் ஒரு கண்மாய். சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர், நாலைந்து கொக்கு, வேறு ஆளில்லை. அவள் கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தாள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நேரம் அவள் யாருக்கும் எதுவும் எடுத்து வைக்காமல் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

விடியுமுன் மழை பெய்து ஓய்ந்தது. அவள் காபி போட்டு டம்ளரோடு படிக்கு வந்தாள். நான் இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் இரண்டும் களிமண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் புதைவதற்குள் எடுத்துவிடலாம் என்று வண்டியைக் கிளப்பினேன். இழுக்கவேண்டிய இரண்டும் சேற்றை வாரி இறைத்தன. சும்மா நின்ற முன்சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன. இடது கை தன்னாலே குட்டிக் கம்பியைத் தேடியது. இல்லை. இன்ஜின் அலறியது சுற்றுப்பட்டு வயலுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அவள் ஒரு மடக்குக் குடித்திருந்தாள். கரைமேல் டிராக்டர் வந்து நின்றது.

“எப்ப வந்தீக?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

டிராக்டர்காரர் கயிறு கட்டும்போதே விசாரணையைத் தொடங்கினார். எந்த ஊர், யார் வீடு, அம்மா பிறந்த ஊர் எது. வண்டி மேடேறுவதற்குள் விடை கிடைத்துவிட்டது. “அப்ப எங்க சித்தி நாத்தனா மகளா? எனக்கு மதினி முறையில்ல வேணும்! வீட்டுக்கு வராம இங்கன சேத்துல படுத்துருக்கீக?”

பிறகென்ன, கோழி அடித்தார்கள். அவருடைய அம்மா வேனில் ஏறிக் கட்டிலைத் தட்டிப் பார்த்து, “இத எடுத்துட்டா எம்புட்டுப் பேரு உக்காரலாம்? தையில கெடா வெட்டு இருக்கு” என்று கேட்டார். மனைவி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். சிரிப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி.

மாலையில் மதுரைக்குத் திரும்பினோம். காளவாசல் சிக்னலில் நிற்கும்போது சொன்னாள்: “ஒரு மடக்குக் குடிச்சேங்க. நல்லாருந்துச்சு.”

பச்சை விழுந்தது.

“அந்தப் பழைய வண்டி இன்னும் தோப்புலதான் நிக்குதா?”

“நிக்குது. ஆனா கீழ மண்ணு தெரியுமே.”

“தெரியட்டும்” என்றாள், சன்னல் பக்கம் பார்த்தபடி. “நாலும் இழுத்துக் கொண்டுபோற எடத்துல, அந்த மண்ணுல யாரும் நிக்க மாட்டாகள்ல.”