வாய்க்காலைத் தாண்டிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தெருவுக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் ஒரு பாசன வாய்க்கால்தான். மதகைத் தாண்டினால் காலனி. காலனியின் முதல் கட்டடமே அந்தச் சிறிய ஆலயம். அங்கிருப்பவர்கள் இரண்டு மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஒரு காலத்தில் எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்த ஆலயத்துக்குள் கால் வைத்ததில்லை.

நானும் வைத்ததில்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போவேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆராதித்துவிட்டுத் திரும்புவேன். மன்னார்குடியில் ஓர் உரக்கடையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை லாரியில் சரக்கு வருகிறது என்று வீட்டில் சொன்னால் நம்புவார்கள்.

கல்லூரியில் படிக்கும்போதே நான் இயேசுவை ஏற்றுக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் பாடங்கள் வரிசையாகத் தேறாமல் போய், காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்றே தெரியாமல் விடுதி அறையில் கிடந்தேன். அறை நண்பன் ஒருவன், அதிகம் பேசமாட்டான், தினமும் சாப்பாட்டை அறைக்கே எடுத்து வருவான். என் கட்டிலருகில் உட்கார்ந்து சத்தமில்லாமல் ஜெபிப்பான். எனக்காகவா என்று ஒருநாள் கேட்டேன். ஆமாம் என்றான். பிறகு அவனுடன் ஆலயத்துக்குப் போனேன். அவன் ஊரைவிட்டுப் போன பிறகும் போய்க்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் எல்லாம் இரண்டாகிவிட்டது. அம்மா நெற்றியில் பூசிவிடும் திருநீற்றைப் பஸ் நிறுத்தத்தில் துடைப்பேன். வேதாகமம் கைப்பேசியில் மட்டும் இருந்தது. இதற்கிடையில் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இருமுறை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போக வேண்டும். கடை, ஆஸ்பத்திரி, ஞாயிறு மறுபடி அதே பஸ். ஒரு ஞாயிறு பாதி வழியில், வடுவூரில் வண்டி நின்றபோது அலுப்பில் அதற்குமேல் போக என்னால் முடியவில்லை. இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி ஊர் திரும்பினேன். மதகருகே வரும்போது ஆலயத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு எத்தனை வருடம் ஓடியிருக்கிறேன் என்று நினைத்தபடியே மதகில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே அங்கே ஆராதனை நடத்தும் உபதேசியாரைப் போய்ப் பார்த்தேன். ஆலய வாசல் சிமெண்டுத் தரையில் உளுந்து காயவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டேன். காலால் உளுந்தைத் துழாவிக்கொண்டே, வீட்டில் சொல்லியாயிற்றா என்றார். இல்லை என்றேன்.

"வரக்கூடாதுன்னு சொல்ல நான் யாரு தம்பி. ஆனா நாங்கதான் உங்கள இழுத்துட்டோம்னு உங்க தெருவுல பேசுவாங்க. நாளைக்கி ஒண்ணுன்னா எங்க புள்ளைங்கதான் பதில் சொல்லணும். மொதல்ல வீட்ல சொல்லுங்க. அப்புறம் எல்லாரும் பாக்குற மாதிரி வாங்க."

எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதால் இன்னும் வருத்தமாக இருந்தது. நான் மறைத்ததற்கு விலை கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த முறை டயாலிசிஸ் முடிந்து வரும்போது, மன்னார்குடியில் எங்கள் ஊர் மினி பஸ்ஸுக்காக நிழற்குடையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா ஊசி குத்திய கையை மடியில் வைத்துக் கண்களை மூடியிருந்தார். இந்த நிலையில் இவரிடமா என்று தோன்றியது. வேறு எந்த நிலையில் அவர் இருக்கப்போகிறார் என்றும் தோன்றியது.

"அப்பா, நான் கிறிஸ்தவனாயிட்டேன். காலேஜ் படிக்கறப்பவே."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. யார் மாற்றினார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். பெண் விவகாரமா என்றார். இல்லை என்றேன். பிறகு எதற்காக என்று கேட்டபோது, அந்த மூன்றாம் வருடத்தைச் சொன்னேன். சாகலாம் என்று நினைத்த நாட்களையும் சொன்னேன். வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார். பிறகு, "எனக்குக் கொள்ளி யாரு வெப்பா?"

"நான்தாம்ப்பா. ஜெபம் பண்ணிட்டு நானே வெப்பேன்."

"ஒன் சித்தப்பன் உட மாட்டான்."

மினி பஸ் வந்தது. அப்பா கையை நீட்டினார், தூக்கி ஏற்றினேன். உட்கார்ந்த பிறகு, அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அம்மா என்னுடன் பேச்சை நிறுத்தினாள். சோறு மட்டும் வைத்தாள். சித்தப்பா வந்து கூடத்தில் நின்றபடியே கத்தினார்.

"சாமி கும்புடணும்னா வேளாங்கண்ணிக்குப் போயேன், எவன் கேக்கறான்? நம்ம வயல்ல வேல செஞ்சவனோட பாயில போயி ஒக்காருவியா?"

"ஒக்காருவேன் சித்தப்பா. நானாத்தான் போறேன், யாரும் கூப்புடல. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிறு, வெயில் ஏறிய பிறகு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தேன். டீக்கடையில் பேச்சு நின்றது. ஆலயத்துக்குள் நுழைந்தபோது பாயில் உட்கார்ந்திருந்த ஒருவர் சட்டென்று எழுந்து நின்றார். எங்கள் வயலில் வேலை செய்தவர். பழக்கம். உட்காருங்கள் என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் உட்கார நேரமாயிற்று. உபதேசியார் என்னைப் பற்றி எதுவும் அறிவிக்கவில்லை. அன்று மனம் பொங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். பிரசங்கத்தின் நடுவில் தூங்கிப்போனேன். கடைசி ஜெபத்துக்கு அந்த மனிதர்தான் என் முழங்காலைத் தட்டி எழுப்பினார்.

சித்தப்பா இன்னும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. எனக்குப் பெண் பார்க்கும் பேச்சு நின்றுபோயிற்று. அம்மா பேசத் தொடங்கிவிட்டாள், ஆனால் கோயிலுக்குப் போகும்போது என் பக்கம் திரும்பமாட்டாள். காலனியில் சிலர் இன்னும் என்னைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சில ஞாயிறுகளில் எழுந்து போகவே மனம் வருவதில்லை. போகிறேன்.

போன மாதம் ஆராதனை முடிந்து வந்தபோது அப்பா கட்டிலில் படுத்திருந்தார். இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் கண்கள் மூடிவிட்டன. நிறுத்தினேன்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

மீதியையும் சொன்னேன். முடிப்பதற்குள் அவர் தூங்கிவிட்டார்.