நாலு விரல் பின்னால்

கையில் எதைக் கொடுத்தாலும் அவர் முதலில் ஒருமுறை மேலும் கீழுமாக அசைத்துப் பார்ப்பார். காபித் தம்ளரானாலும் சரி, தபாலில் வந்த கடிதமானாலும் சரி. "நாப்பது கிராம்" என்று சொன்ன பிறகுதான் உறையைப் பிரிப்பார். யாரும் கேட்டதில்லை, அவரும் சொல்லாமல் விட்டதில்லை.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் வைத்த பெயர் தராசு. பழுது பார்த்த லிஃப்டிலேயே கூட்டத்தோடு கூட்டமாக இறங்கும்போது, ஏறுகிற ஒவ்வொருவரையும் கண்ணாலேயே எடைபோட்டுக்கொண்டு வருவார். அதிக பாரம் என்று மணி அடிப்பதற்கு முன்பே, ஒரு காலை உள்ளே வைத்தவரிடம், "நீங்க அடுத்ததுல வாங்க சார், உங்களோட பதினோரு கிலோ கூடிரும்" என்பார். சொன்னது சரியாகவே இருக்கும். அந்தக் கோபத்தில்தான் ஒரு வங்கி மேலாளர் கம்பெனிக்குப் புகார் எழுதினார். "கணக்கைத்தானே சொன்னேன், அவரைச் சொல்லலையே" என்பது இவருடைய விளக்கம்.

இப்படிப்பட்டவர் ஒன்பது வருடமாக ஒரு விமானம் கட்டுகிறார். டைல்ஸ் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, விடுமுறை நாட்களில், தகடு தகடாக வளர்த்தது. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டே இருக்கைகள். மனைவிக்குக் குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. "நீங்க கட்டுங்க, வேணாம்னு சொல்லல. என்னை மட்டும் ஏறச் சொல்லாதீங்க" என்று முதல் வருடம் சொன்னதைத்தான் ஒன்பதாவது வருடமும் சொன்னார்.

கடைசிப் பரீட்சை எடை. மூன்று சக்கரத்துக்கும் மூன்று எடை மேடைகள் பார்சல் ஆபீஸிலிருந்து இரவலாக வந்தன. விமானம் பறக்கும்போது இருப்பதுபோல மட்டமாக நிற்க வேண்டும். வால் சக்கரமோ குட்டை. மனைவியின் தம்பியான மச்சான் தன் வெல்டிங் பட்டறையிலிருந்து ஓர் இரும்பு ஸ்டூலைக் கொண்டுவந்தார். அதை எடை மேடைமேல் வைத்து, அதன்மேல் வாலை ஏற்றினார்கள். காற்று புகாமல் கதவைச் சாத்திவிட்டு, மச்சானை மூச்சுவிடாமல் நிற்கச் சொன்னார் தராசு.

"நான் விடுற மூச்சு அங்க எப்படி மாமா போகும்?"

"போகாதுன்னு உனக்கு எழுதிக் குடுத்தாங்களா?"

ஒவ்வொரு கனத்தையும் மூக்கிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஓர் இடம் கிடைக்கும். அந்த இடத்தில் ஒற்றைக் கயிறு கட்டித் தூக்கினால் விமானம் சாயாமல் தொங்கும். வரைபடத்தை வரைந்தவர் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே அது விழுந்தாக வேண்டும். இவருக்குப் பின்கோட்டையும் தாண்டி நாலு விரல் பின்னால் விழுந்தது. வால் கனத்தால் மூக்கு தானாக வானத்தைப் பார்க்கும். எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. பிறகு கீழே வருவது விமானமாக வராது.

மூன்று நாள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டார். நாலு விரல் நாலு விரலாகவே நின்றது. வெள்ளிக்கிழமை பரிசோதனை அதிகாரி வருகிறார். பழி வால் பெயின்டின் மேல் விழுந்தது.

"மூணாவது கோட் பெயின்டு யாருடா அடிக்கச் சொன்னது?"

"நீங்கதான் மாமா. கண்ணாடி மாதிரி இருக்கணும்னீங்க. வேணும்னா மூக்குல ஒரு கல்லைக் கட்டிரலாமா?"

மூன்றாம் நாள் காலை மனைவி கொடுத்த காபியை அவர் அசைத்துப் பார்க்காமலே குடித்தார். அதைக் கண்டதும் அந்த அம்மாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவர் பின்னாலேயே கொட்டகைக்கு வந்தார். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வாலருகே நின்றார்.

"இந்த ஸ்டூலைக் கழிச்சீங்களா?"

தராசு கணக்குத் தாளில் ஸ்டூலைத் தேடினார்.

"நாங்க பிள்ளையைத் துண்டோட வச்சு எடை பார்ப்போம். அப்புறம் துண்டைக் கழிப்போம். இல்லன்னா எல்லாப் பிள்ளையும் குண்டுப் பிள்ளைதான்."

வாலை இறக்கிவிட்டு ஸ்டூலைத் தனியே மேடையில் வைத்தார்கள்: ஆறு கிலோ இருநூறு. வால் நுனியில் உட்கார்ந்துகொண்டு, நாலு விரலையும் அது ஒன்றே பின்னுக்கு இழுத்திருந்தது. தராசு அதைக் கழித்து மறுபடி போட்டார், இடம் கோட்டுக்குள் வந்துவிட்டது. "அப்ப என் பெயின்டு?" என்றார் மச்சான்.

மனைவி கணக்குத் தாளை எடுத்து வாசித்தார். "பின் சீட்டு, அறுபது கிலோ. யார் இது?"

"மணல் மூட்டை."

"மணல் மூட்டைக்கு எதுக்குங்க இவ்வளவு மெத்து மெத்துன்னு குஷன்?"

ஊரையே கண்ணால் எடைபோட்டவர், மனைவியை மட்டும் எடைபோட்டதாகக் காட்டிக்கொண்டதே இல்லை. பிழைக்கத் தெரிந்தவர்.

"ரெண்டு பேரும் சுவத்தைப் பார்த்துத் திரும்புங்க" என்றார் அந்த அம்மாள்.

திரும்பினார்கள். பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தமும், எடை மேடை முனகும் சத்தமும் கேட்டன. திரும்பிப் பார்த்தபோது தாளில் அறுபது அடிக்கப்பட்டு, பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் வேறோர் எண் இருந்தது. தராசு அதை உரக்கப் படிக்கவில்லை. பெருக்கி, கூட்டி, வகுத்தார். பென்சில் நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பின்கோட்டை ஒரு நூல் தாண்டுது."

"என்னாலயா?"

மச்சான் வெளியே எதையோ பார்ப்பதுபோலக் கதவருகே நகர்ந்தார். தராசு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் கனம் கூடினால் கணக்கு முன்னால் நகரும். பத்துப் பதினோரு கிலோ போதும், அந்த ஒரு நூல் கோட்டுக்குள் வந்துவிடும்.

"உன்னால இல்ல" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து, மச்சான் கண்ணில் படாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு, 'முன் சீட்டு, நான், 72' என்று குறைத்து எழுதியிருந்ததை அழித்துவிட்டு, உள்ளபடி 83 என்று எழுதினார்.